மழைக்குக் கட்டிய கவர்

வாசலில் சின்ன ஜெனரேட்டர் சும்மா விட்டால் சமர்த்தாக ஓடுகிறது. குஞ்சு பொரிக்கும் பெட்டியின் ஒயரைச் செருகியதும் மேல்மூச்சு வாங்கி அணைந்துபோகிறது. இது நாலாவது தடவை. பெட்டிக்குள் இருநூறு முட்டைகள். அவள் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். காலையில் கரண்ட் போனதிலிருந்து சூடு இறங்கிக்கொண்டே வருகிறது. கணவர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துவிட்டார், ஏர் ஃபில்டரைத் தட்டி ஊதிவிட்டார், முழங்கைவரை கரி. "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்கிறாள். "தொணதொணக்காத. கார்புரேட்டரையே கழட்டணும்." அவள் பார்வை பெட்ரோல் டேங்கின் மூடிக்குப் போகிறது. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கப் போன வாரம் அவரே பாலிதீன் கவர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கிறார். கவர் உள்வாங்கி மூடியோடு அப்பிக் கிடக்கிறது. "மூடியில காத்து போற ஓட்டை இருக்குமே, அதையும் சேர்த்துக் கட்டிட்டீங்களா? காத்து போகாம பெட்ரோல் எப்படி இறங்கும்?" அவர் ரப்பர் பேண்டை உருவுகிறார். டேங்க் புஸ்ஸென்று காற்றை இழுக்கிறது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, ஒயரைச் செருகுகிறார். சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு சீராகிறது. பெட்டிக்குள் பல்புகள் மஞ்சளாக எரிகின்றன. "பிளக்லதான் அழுக்கு," என்கிறார், கவரைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தபடி. "ஆமாங்க, பெரிய அழுக்கு," என்கிறாள் அவள், கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல்.