நீலக் குட்டை

டெய்லரக்கா அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடி வந்தபோது, அந்த அப்பா தன் மகளின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணில இறக்காதீங்க! கால் வெந்துடும்!"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தெரிந்தவர்களை எதேச்சையாகப் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு. பிறகு குனிந்து அடுத்த செருப்பைக் கழற்றினார்.

காலையிலிருந்து எல்லாரும் அவளைப் பார்த்து இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

கரை நெடுகக் கார்கள். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, போட்டோக்காரர் சொன்னபடியெல்லாம் வளைந்துகொண்டிருந்தது. பழைய கதவுப் பலகையில் 'விஷத் தண்ணீர்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதி அவள் நட்டுவைத்திருந்தாள். அதன்மேல் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

குட்டை அழகாகத்தான் இருந்தது. அதுதான் வினையே. கண் கூசும் நீலம், சுற்றிலும் வெள்ளை மணல்.

அது மணலே இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழிற்சாலை, குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டும் சாம்பல். அது கரைந்து கரைந்துதான் அந்த நீலம். ஒரு தவளைகூட அங்கே கத்தி யாரும் கேட்டதில்லை.

கோடையில் அவள் தம்பி, வெயில் தாங்காமல், லாரியை ஓரம் கட்டிவிட்டு முழங்கால் ஆழத்தில் போய் நின்றான். சோப்புத் தண்ணி மாதிரி வழவழன்னு இருக்குக்கா என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். சாயங்காலத்துக்குள் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தும் இன்னும் கால் ஊன்ற முடியவில்லை. அத்தனை பெரிய லாரியை ஓட்டியவன், கட்டிலில் உட்கார்ந்து அக்காவுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறான்.

அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. பத்திரிகை ஆபீஸில் ஒருவர் மட்டும் உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார்.

"யாராவது செத்திருக்காங்களாம்மா?"

இல்லை என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

கடைசியில் தன் போனையே எடுத்தாள். குட்டைக்கு முன்னால் நின்று தண்ணீரைக் காட்டினாள். வீட்டுக்குப் போய்த் தம்பியின் காலைக் காட்டினாள். தொண்டை கட்டும்வரை சொன்னாள். உங்க பிள்ளைகுட்டிங்களைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடாதீங்க என்று அழுதாள். அந்த வீடியோவை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டாள்.

காட்டுத்தீயாய்ப் பரவியது. துணி கொடுக்க வந்தவர்களெல்லாம், "அக்கா, எங்க பாத்தாலும் நீங்கதான்" என்றார்கள். பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாய்க் குவிந்து கிடந்ததில் அவளுக்குப் போனைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை. ஆனால் மனசு நிறைந்திருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இனி அந்தக் குழாயை அடைக்காமல் இருக்க முடியுமா?

இன்று காலை முதல் கார் வந்து நின்றதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நியாயம் கேட்க ஜனங்கள் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். உள்ளே ஓடி, "வந்துட்டாங்கடா!" என்று தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வந்தவர்கள் டிக்கியைத் திறந்து பாயை எடுத்து விரித்தார்கள்.

அப்போதிருந்து அவள் கத்திக்கொண்டிருக்கிறாள். கத்திக் கத்திக் குரல் போனதுதான் மிச்சம். கெஞ்சினாள், திட்டினாள், ஒருவரின் காலில்கூட விழுந்தாள். அவர் பதறி விலகி, கும்பிட்டுவிட்டு, தண்ணீருக்குப் போனார்.

இப்போது இந்தக் குழந்தை.

அப்பா அதன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அம்மா போனை நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள். நீலத்துக்கு மேலே இரண்டு குட்டிப் பாதங்கள் ஆடின.

டெய்லரக்கா யோசிக்கவில்லை. தண்ணீரில் பாய்ந்து குழந்தையை வெடுக்கென்று பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினாள். நனைந்த புடவை கணுக்காலில் ஒட்டியது. ஒட்டிய இடம் காந்தத் தொடங்கியது. குழந்தை வீறிட்டது.

"ஏய், பிள்ளையை விடு! பைத்தியமா நீ?" அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, ஏங்க! இவங்கதாங்க அந்த வீடியோ அக்கா!" அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "உங்களைப் பாத்துட்டுத்தான்க்கா இவ்வளவு தூரம் வந்தோம்."

டெய்லரக்காவுக்குக் கால் எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது.

"பாத்துட்டுமா வந்தீங்க? என் தம்பி காலைப் பாத்துட்டுமா இந்தப் பச்சைப் புள்ளையைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"எந்தத் தம்பி?"

அம்மா குழம்பிப்போய்த் தன் போனைத் தட்டி அவள் முன்னால் நீட்டினாள்.

யாரோ கத்தரித்து, மினுக்கி, புதிதாய்ப் போட்டிருந்தார்கள். கட்டிலும் இல்லை, காலும் இல்லை. தண்ணீர் இன்னும் நீலமாக்கப்பட்டிருந்தது. அவள் குரல் இருந்த இடத்தில் ஒரு பாட்டு ஓடியது. நல்ல துள்ளலான பாட்டு.

அந்தப் பாட்டுக்கு நடுவே அவள் வாய் பெரிதாய்த் திறந்து திறந்து மூடியது. கை நீண்டு நீலத் தண்ணீரைக் காட்டியது.

குரல் இல்லாமல் பார்த்தால், வாங்க, எல்லாரும் வாங்க என்று கூப்பிடுவதுபோலவே இருந்தது.