அம்மாவும் எடுக்கலாம்

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

இடப்பக்க இருக்கையில் கணவர். கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. கோத்தகிரிக் காலைக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

மறுபடி திருப்பினாள்.

ஆம்புலன்ஸ் மலையேறி வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விட்டால் வீட்டில் வேறு வண்டி இல்லை. சுற்றிலும் ஆளில்லாத தேயிலைக் காடு.

போன தை மாதம் இதன் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தபோது மெக்கானிக் தேவசகாயம் சொன்னார்.

"கார்புரேட்டரத் தூக்கிட்டு இன்ஜெக்‌ஷன் போட்றலாங்க சார். எந்தக் குளுருக்கும் சாவியத் திருப்புனா போதும். அம்மாவும் எடுக்கலாம்."

நல்ல மனுஷன். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விழுங்கியிருக்கலாம்.

இன்ஜெக்‌ஷன் போட்டால் சத்தம் செத்துப்போகும் என்றார் கணவர். பழைய காருக்கு அது அழகா என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். தேவசகாயம் தலையாட்டிவிட்டு இரண்டு கார்புரேட்டர்களையும் கழுவித் துடைத்து மாட்டினார்.

காபித் தட்டோடு நின்ற அவளுக்கு மட்டும் காரணம் தெரியும். இது அவர் கைக்கு மட்டும் கிளம்பும் வண்டி. அப்படியே இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். அண்ணனின் காரில் கோயம்புத்தூர் முழுக்கச் சுற்றியவள். இங்கே வந்த பிறகு சாவியைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்கே ஆயிரம் குறை. கதவை அறைந்து சாத்தினால் குறை. கண்ணாடியை இறக்கினால் குறை.

சோக்கை முழுக்க இழுத்தாள். ஆக்சிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது.

பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது.

அவருக்கும் அது தெரிந்தது. கண்ணை மூடியபடியே சொன்னார்.

"மிதிக்காத. பெட்ரோல் ரொம்பிப்போச்சு."

மூச்சு வாங்கினார்.

"சோக்க உள்ள தள்ளு. கொஞ்ச நேரம் அப்படியே விடு. அப்பறம் முழுசா அமுக்கிட்டுத் திருப்பு."

இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

சோக்கைத் தள்ளினாள். காலை எடுத்தாள்.

காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்ஜினில் நிரம்பிய பெட்ரோல் தானாகத்தான் காய வேண்டும். அவருடைய கார்புரேட்டருக்கு அவசரம் தெரியாது.

பனி கண்ணாடியில் படிந்தது. அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அவள் சாலையையே பார்த்திருந்தாள். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இவர் மேல் இவ்வளவு கோபமும் இவ்வளவு பாசமும் ஒரே நேரத்தில் வந்தன.

போதும் என்று தோன்றியது.

ஆக்சிலரேட்டரை அடிவரை அமுக்கினாள். திருப்பினாள்.

இருமியது. இன்னொரு தரம் இருமியது. பிறகு ஒரேயடியாகப் பிடித்து உறுமியது. செத்துப்போகும் என்று அவர் காப்பாற்றி வைத்த அதே சத்தம்.

அவளுக்கு முதலில் வந்தது பெருமைதான்.

"எடுத்துட்டேங்க! பாருங்க, எடுத்துட்டேன்!"

பதற்றத்தில் கிளட்சைப் பாதிதான் மிதித்திருந்தாள். கியர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியது. எலும்பு கூசும் சத்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் திட்டுக்குக் காத்திருந்தாள்.

திட்டு வரவில்லை.

இன்னும் ஒரு முறை, இந்தத் தடவை அவர் திட்ட வேண்டுமென்றே, கியரை அப்படியே போட்டாள்.