வாடாத சோளம்

ஒன்றுகூட வாடவில்லை.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பார்க்க வந்த அவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். புரட்டாசியில் விதைத்ததோடு சரி, விளாத்திகுளம் பக்கம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் பன்னிரண்டு ரகச் சோளமும் பாத்தி பாத்தியாய்ப் பச்சை மாறாமல் நிற்கின்றன.

குனிந்து மண்ணை அள்ளினாள்.

ஈரம்.

இதே பன்னிரண்டு ரகங்களையும் சோதனைக்காக ஆறு ஊர்களில் விதைத்திருந்தார்கள். ஐந்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அங்கெல்லாம் அவள் பாடுபட்டு உருவாக்கிய ரகம் விளைச்சலில் நடுவில்தான் வந்தது. போகட்டும். அது காய்கிற மண்ணுக்கென்றே பிறந்தது. இந்த ஒரு ஊரில் மற்றவை கருகும், அது நிற்கும். அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

நிலத்துக்காரி சீனித்தாய் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். முகமெல்லாம் பெருமை.

"வாட விடுவனா தாயி? நம்பி விட்டுட்டுப் போன பிள்ளையப் பட்டினி போடவா? கெணத்துல ஊறுனதக் கொடம் கொடமா ஊத்துனேன்."

தண்ணீர் ஊற்றாதே என்று அவள் சொல்லியிருக்கவில்லை. மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலத்தில் அதை யார் சொல்வார்கள்?

வரப்புக்கு அந்தப் பக்கம் சீனித்தாயின் சொந்தச் சோளம் முழங்கால் உயரத்தில் கருகிக் கிடந்தது.

அவள் வரப்பைத் தாண்டி அங்கே போனாள்.

கருகிய காட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வரிசை நின்றது. சின்னக் கதிர்கள். ஆனால் மணி பிடித்திருந்தன.

"அதுவா? ஒங்க ரகத்துல அன்னைக்கு மிஞ்சுன ஒரு பிடி வெதை. வீணாக்குவானேன்னு போட்டேன். அதுக்கு ஒரு சொட்டு ஊத்தல தாயி."

அந்த வரிசைக்குப் பாத்தி எண் இல்லை. கணக்கில் வராது.

கதிர் முற்றியதும் பாத்திகளை அறுத்து எடை போட்டார்கள். குடித்ததில் கொழுத்தது எட்டாம் பாத்தி. அவளுடையது வழக்கம்போல நடுவில்.

போனில் மேலதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆறு ஊர்லயும் எட்டாம் ரகந்தாம்மா முதல். மழையே இல்லாத ஊர்லயும் அசையல பாருங்க. அந்தக் கரிசல் மண்ணுக்கும் அதையே கொடுத்துடலாம்."

சீனித்தாய் ஊற்றிய தண்ணீரையும், ஊற்றாமலே நின்ற வரிசையையும் பற்றிச் சொன்னாள்.

"நாலு கொடம் தண்ணியில என்னம்மா ஆயிடும்? வரப்போரத்துல நின்னதெல்லாம் ஆதாரமாம்மா?"

எட்டாம் பாத்திக் கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தாள் சீனித்தாய்.

"அடுத்த வருசம் எங்களுக்கும் இந்த வெதைதானா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப இது எதுக்கு?" சீனித்தாய் மாட்டை அவிழ்த்து, அந்தச் சின்ன வரிசையில் விட்டாள்.

அவள் தடுக்கவில்லை. மாடு பசியோடு இருந்தது.