தோத்திரம் பொறவு

"சம்மதம்!"

போனில் அந்த ஒரே சொல். அப்புறம் கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

ரெக்சன் போனைக் காதிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"யாரு, மாப்பிள்ளையோட அம்மாவா?" அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள் அவர் மனைவி பெல்சி.

"ஆமா, மெட்டில்டா மகாராணி! ஒரு தோத்திரம் இல்ல, நல்லாயிருக்கியளான்னு ஒரு கேள்வி இல்ல. சம்மதம்னு கத்திட்டு வச்சிட்டாவ."

"நம்ம பொண்ணைப் பிடிச்சிருக்குன்னுதான சொல்லுதாவ? சந்தோசப்படுவியளா, அதை விட்டுட்டு..."

"ஏளா, பொண்ணு கேக்குத முறை இதுவா? மகன் கப்பல்ல சம்பாதிக்கான்னு திமிரு!"

திரேஸ்புரத்தில் மீன் ஏலம் விடுகிறவர் ரெக்சன். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும், எதிரே வருகிற ஆளுக்கு 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' சொல்லாமல் அடுத்த பேச்சு பேச மாட்டார்.

திருப்பிக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

மறுநாளும் அதே கதைதான். "வியாழன்! ஊருக்கு வாங்—"

"பாத்தியா? வேலையாளை ஏவுத மாதிரி! இப்பமே இப்படின்னா நம்ம ஜாஸ்லின் அங்க போயி என்ன பாடு படுவா? வியாழக்கிழமை போறேன். நேர்லயே வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுதேன்."

ஜாஸ்லினுக்கு மாப்பிள்ளை பெவினைப் பிடித்திருந்தது. வியாழக்கிழமை காலையில் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டவள், காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து ரெக்சன் பேச்சைக் கோத்தார். முதலில் தோத்திரம். பிறகு சுகம் விசாரிப்பு. உங்க குடும்பம் நல்ல குடும்பம், பெவின் தங்கமான பையன், எங்களுக்கும் ஆசைதான்... எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு 'ஆனா'. வேண்டாம் என்பதைக்கூட மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர் அவர்.

பெரியதாழைப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊர் சூசைக்குடி. பஸ் ஊருக்குள் திரும்பியதுமே போனில் இருந்த சிக்னல் கோடெல்லாம் அணைந்துபோனது.

மெட்டில்டா வீட்டில் இல்லை.

"தூண்டில் வளைவு முனைக்குப் போயிருக்காவ. அங்கனதான் ஒரு கோடு, அரைக் கோடு சிக்னல் வரும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கடலுக்குள் வளைந்து போகிற அந்தக் கல் தடுப்பின் மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். முனையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"பொம்பளப்பிள்ள! தாயும் சுகம்!" என்று போனில் கத்திவிட்டு விலகினாள் ஒருத்தி.

"வேண்டாம்! டிக்கெட்டு போடாத!" என்று கத்தினாள் அடுத்தவள்.

கோத்து வைத்த பேச்சு ரெக்சனுக்கு மறந்தே போனது.

"என்ன இது, மீன் ஏலமா நடக்கு? ஊரு முழுக்க ஒத்தை ஒத்தை வார்த்தைதான் பேசுவியளோ?"

"யாரு அண்ணாச்சி, டவர் கம்பெனி ஆளா? வந்ததுதான் வந்திய, கையோட டவரையும் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

பெண்கள் சிரித்தார்கள். முன்னால் நின்ற மெட்டில்டா திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணன்! நீங்களா? கோவமா இருக்கிய போலுக்கு."

"பின்ன? ஒரு தோத்திரம் சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்?"

"இங்கன சிக்னல் அம்புட்டு நேரம் நிக்காது, அண்ணன்."

வரிசையை விட்டு விலகி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டு ஆள் போன வள்ளம் கவுந்து, தேடிக்கிட்டிருந்த நேரம். நான் இதே கல்லுலதான் நின்னேன். தேடப்போன என் தம்பி கூப்பிட்டான். 'அக்கா, தோத்திரம்'னான். 'நாங்க கரைக்கு வந்துட்டோம், பதறாம கேளு'ன்னான். 'அத்தான் உயிரோட இ...'ன்னான். சிக்னல் போயிட்டு."

வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"'இருக்காரு'க்கும் அதே 'இ'தான், 'இல்லை'க்கும் அதே 'இ'தான். நாங்க இருக்காருன்னு எடுத்துக்கிட்டோம். கோயில் மணி அடிச்சோம். வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் என் கையால கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வாசல்ல ஆம்புலன்சு வந்து நின்னுச்சு."

ரெக்சன் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டார்.

"அதுக்கப்புறம் ஊரு கூடி வச்ச கட்டு இது. இங்கேருந்து யாருக்குப் பேசினாலும் முடிவு முதல்ல, தோத்திரம் பொறவு. டவர் கேட்டு மனு மேல மனு போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். வரும்போது வரட்டும். ஆனா அண்ணன், எங்க ஊருச் சேதி பாதியில அறுந்தாலும் ஒரு ஆளை ஏமாத்தாது!"

சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது.

"பொண்ணைப் பெத்த வீடு பதிலுக்குக் காத்துக் கிடக்கும். நான் சுகம் விசாரிச்சுக்கிட்டு நின்னு, விசயத்தைச் சொல்லுததுக்குள்ள லைன் போயிட்டுன்னா அன்னைக்கு நீங்க தூங்குவியளா?"

ரெக்சனுக்குப் பஸ்ஸில் கோத்த பேச்சு நினைவுக்கு வந்தது. அதில் 'வேண்டாம்' எங்கே இருந்தது? வாலில்.

சட்டைப் பையில் போன் அலறியது. பெல்சி.

"ஏங்க, சொல்லிட்டியளா? இவ காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல..."

"சம்மதம்!"

ஏலக் குரலில் ரெக்சன் போட்ட சத்தம் கடல் வரைக்கும் கேட்டது. கோடு அணைந்தது.

"அண்ணாச்சி நம்ம ஊரு ஆளாயிட்டாவ!" என்றாள் வரிசையில் ஒருத்தி. எல்லாரும் கைதட்டினார்கள்.

ரெக்சன் சிரித்துக்கொண்டே மெட்டில்டா பக்கம் திரும்பினார். அப்போதுதான் உறைத்தது.

கல்லில் ஏறி வந்ததிலிருந்து அந்த அம்மாளுக்கு அவர் இன்னும் ஒரு தோத்திரம் சொல்லவில்லை.