பணியில் சேர்ந்த தேதி

காபித் தகர டப்பாவுக்குள் இரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன்.

ஒன்றாம் எண் எடுத்தவர் ஆசிரியராகத் தொடரலாம். இரண்டாம் எண் எடுத்தவருக்கு ஜூன் மாதத்தோடு வேலை முடிகிறது.

வடக்கு மினசோட்டாவில் எங்களுடையது சின்னப் பள்ளி மாவட்டம். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்களும் குறைய வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். ரெனேயும் டுவேனும் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்று கோப்பில் இருந்தது. தேதி ஒன்றாக இருந்தால் சீட்டுதான். ஆசிரியர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சங்கத் தலைவர் சாட்சியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் டப்பா என் கையில் இருந்தது.

டுவேனின் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவள் மருத்துவக் காப்பீடு இவருடைய வேலையோடு ஒட்டிக்கொண்டிருப்பது. ரெனே இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

"நீயே முதல்ல எடு ரெனே," என்றார் டுவேன். "சர்ச் குலுக்கல்ல பதினஞ்சு வருஷமா சீட்டு வாங்கறேன். ஒரு கோழிகூட விழுந்ததில்ல."

"உங்களோட போட்டிக்கு நிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

"என்ன பண்றது. இந்த ஆபீஸ் நம்மள ரெட்டைப் பிள்ளையா பெத்துப் போட்டுடுச்சே."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

ரெனே கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள். மேசையில் வைத்தாள்.

ஒன்று.

டுவேன் மற்றதை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எடுத்து, பிரித்துப் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"காப்பீடு எதுவரைக்கும் மார்லிஸ்?"

"ஆகஸ்ட் கடைசிவரைக்கும்."

தலையாட்டினார். ரெனேயின் தோளை ஒருமுறை தொட்டார். பிறகு, எப்போதும் செய்வதுபோல, எல்லோருடைய காபிக் கோப்பைகளையும் எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தார்.

"முகத்த ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார் என்னிடம், கையைத் துடைத்தபடி. "நீங்க யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல. அது எனக்குத் தெரியும்."

அவர் போனார். சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ரெனே மட்டும் வாசலில் நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"மார்லிஸ், அன்னைக்கு நான்..."

"பிள்ளைங்கள கூட்டிட்டு வர நேரமாச்சு. போம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பதினோரு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி டுவேன் காலை எட்டு மணிக்கே, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வேலையில் சேரக் கையெழுத்துப் போட்டார். மாலைவரை ரெனே வரவில்லை. வழியில் அவள் கார் நின்றுவிட்டது. மறுநாள் காலை, காய்ச்சலில் கொதிக்கும் நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். செப்டம்பர் ஒன்று என்று முத்திரை விழுந்தால், அந்தக் குழந்தைக்குக் காப்பீடு கிடைக்க இன்னும் ஒரு மாதம் ஆகும்.

முத்திரையின் தேதிச் சக்கரத்தை ஒரு நாள் பின்னுக்குத் திருப்பினேன்.

நான் செய்த நல்ல காரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றாவது இருக்கிறது என்று, பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் கர்த்தருக்கு நன்றி சொல்லிவந்தேன்.