கடைசியாக எழுதும் கண்கள்

தறி வேலையை விட்டுவிட்டு இனி முழுநேரமும் ஓவியம்தான் என்று உட்கார்ந்த மாதத்திலேயே மாரிச்செல்வம் இறந்துபோய்விட்டான். மனைவி கோகிலாவை அவன் வரைந்துகொண்டிருந்த படம் ஜன்னல் வெயிலில் நிற்கிறது. அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தில் சட்டம் லேசாக அதிர்கிறது. கண்களுக்கு முதலில் கரிக்கோடு மட்டும் போட்டு வைத்து, சாயத்தில் எப்போதும் கடைசியில்தான் எழுதுவான். இதில் கரிக்கோட்டோடு நின்றுவிட்டது. கோகிலா காப்பியோடு வரும்போது, சுவர் விளம்பரம் எழுதும் கொழுந்தன் துரைப்பாண்டி பிரஷைக் கழுவிக்கொண்டிருக்கிறான். படத்தில் இரண்டு கண்கள் ஈரமாகப் பளபளக்கின்றன. “கண்ணில்லாத படம் வீட்டுக்கு ஆகாது மதினி. அண்ணன் மாதிரியே போட்டுட்டேன், பாருங்க.” “சோப்பு விளம்பரத்துப் பொம்பள மாதிரில்லா இருக்கு,” என்கிறாள் கோகிலா. சாயம் கரைக்கும் டர்பன்டைனில் துணியை நனைத்து அழுத்தித் துடைக்கிறாள். துரைப்பாண்டியின் சாயம் முழுதும் வந்துவிடுகிறது. அடியில் கணவன் போட்டிருந்த கரிக்கோடும் அதே துணியில் வந்துவிடுகிறது.