ஒரு மாசம் பழகட்டும்

“ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளையோட ஒரு மாசம் பழகிப் பார்த்துட்டுத்தான்ப்பா சம்மதம் சொல்லுவேன்.”

கேட்கவே கூடாது என்று அம்மா எச்சரித்திருந்ததை ஜாஸ்லின் கேட்டேவிட்டாள்.

“டிகிரி வாங்குன திமிரா? நாளைக்கு மாதா கோயில் பூசையில உன் கல்யாண ஓலையை ஊரறிய வாசிக்கப்போறாங்க. உள்ளே போடி!” அப்பா அற்புதசாமி சீறினார்.

அவளுக்காகப் பேச அந்த வீட்டில் ஒருவருமில்லை. அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு, வாசலில் அப்பா போனில் பேசுவது கேட்டது.

“அவ நான் தூக்கி வளர்த்த பொண்ணுங்க ஐயா. அவசரப்படாதீங்க, ஒரு மாசம் பழகட்டும். பிடிக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டா கட்டாயப்படுத்தக் கூடாது. பையனை வந்த ஊருக்கே அனுப்பிடலாம்.”

ஜாஸ்லின் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாப்பிள்ளை வீட்டுலயாப்பா பேசுனீங்க?”

“அவங்ககிட்ட இப்படிப் பேசுவேனா? இது எங்க ஜூ அதிகாரி. அங்க நான் வளர்த்த பெண் குரங்குக்கு ஜோடியா ஆண் சிங்கவால் குரங்கு வந்திருக்கு. அழிஞ்சிட்டு வர்ற இனம். பொண்ணுக்குப் பிடிக்காம ஒரே கூண்டுல அடைச்சா கடிச்சுக்கிட்டே செத்துடும்மா.”

அவள் கையை விட்டாள். செருப்பை மாட்டினாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“கோயிலுக்கு. ஓலை வாசிச்சதும் யாருக்காவது தடை இருக்கான்னு கேப்பாங்கல்ல? எனக்கு இருக்குன்னு சாமியார்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்.”

அப்பா எழுந்திருப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.